புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி: ஆரம்பிக்கும் முன் நம்மவர்கள் கேட்கிற கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர்க்காரன், வயது 71. 2021 ஐப்பசியில் எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போதே எலும்பில் இரண்டு இடத்தில் பரவியிருந்தது. அன்றிலிருந்து ஹார்மோன் சிகிச்சையில் இருக்கிறேன்.

கல்யாண வீட்டில், அறுபது எழுபது வயதுச் சாந்தியில், முன்னோருக்குப் படைக்கும் படைப்பில் யாராவது ஒருவர் என்னை மெல்லத் தூணோரம் கூட்டிப் போவார். "மச்சானுக்காகக் கேட்கிறேன்" என்று ஆரம்பிப்பார். பாதிப் பேர் கேட்பது தனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் கேட்டேன். மூன்று மாதம் வீட்டில் யாருக்கும் சொல்லாமல், மதுரைக்கு வேறு வேலையாகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வந்தவன் நான். அந்த மூன்று மாதம் யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒரு தடவை படித்துத் திருத்திக் கொடுத்தார். ஆனாலும் உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இது கீமோவா? முடியெல்லாம் கொட்டிப் போகுமா?

கீமோ இல்லை. தலைமுடி கொட்டாது. தாடியும் உடம்பு ரோமமும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சிலருக்கு ஹார்மோனோடு சேர்த்து டோசிடாக்செல் என்ற கீமோவும் கொடுப்பார்கள். அப்போது முடி கொட்டும், அது கீமோவால்.

இந்தப் புற்றுநோய் வளர ஆண் ஹார்மோன் வேண்டும். டெஸ்டோஸ்டிரான் என்பது அதன் பெயர். பெரும்பங்கு விரையில் சுரக்கிறது, கொஞ்சம் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது. அதை வற்ற வைத்தால் நோய் சுருங்கும். 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் இதை நிரூபித்தார். 1966-ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விரைக்கு உத்தரவு போடும் சுரப்பியைத் தூண்டுவது மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன். அதைப் பிரித்தெடுத்த ஆண்ட்ரூ ஷாலிக்கும் ரோஜர் கில்லமினுக்கும் 1977-ல் நோபல் கொடுத்தார்கள். இன்று நாம் போட்டுக்கொள்ளும் ஊசிகள் அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தவைதான். "நம்மை வைத்துப் பரிசோதனை பண்ணுகிறார்களோ" என்று ஒருவர் என்னிடம் பயந்து கேட்டார். எண்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துத் தேறிய வைத்தியம் இது.

எனக்கு ஊசி என்கிறார்கள். எங்கள் பங்காளிக்கும் இதே நோய்தான், அவருக்கு ஒன்றுமே வேண்டாம் என்றார்களாமே?

அவருடைய நோய் வேறு கட்டத்தில் இருக்கும். புராஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கி, மெதுவாக வளரும் வகையாக இருந்தால் அவ்வப்போது பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சொல்லும் மற்றப் பரிசோதனைகளும் செய்து கவனித்து வந்தாலே போதும். அவருக்கு ஹார்மோன் கொடுப்பதுதான் தவறு.

ஹார்மோன் ஊசியை ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுத்தால் நடுத்தர வகை நோய்க்கு 4 முதல் 6 மாதம், வேகமான வகைக்கு ஒன்றரை வருஷத்திலிருந்து 3 வருஷம் வரை. எலும்புக்கோ வேறு இடத்துக்கோ பரவிவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும். அதனால் முதல் நாளே கேளுங்கள்: "இது எனக்கு முடிகிற ஊசியா, தொடர்கிற ஊசியா?" ஆபரேஷனா ஊசியா என்ற முடிவு இந்தப் பதிலைப் பொறுத்தது. வீட்டில் என்ன சொல்வது என்பதும்தான்.

ஊசிக்கு முன்னால் பத்து நாள் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். நேரே ஊசியைப் போட்டால் என்ன?

இதை விட்டுவிடாதீர்கள். லியூப்ரோலைடு, கோசரெலின், டிரிப்டோரெலின் என்று நமக்கு அதிகம் போடும் ஊசிகள் முதல் ஒரு வாரம், இரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரானை உயர்த்திவிட்டுத்தான் பிறகு இறக்கும். ஒரு வேலையாளை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் முதலில் ஓடி ஓடி வருவான், பிறகு காதிலேயே வாங்க மாட்டான். விரைக்கு உத்தரவு போடும் சுரப்பியும் அப்படித்தான். அது ஓடி வருகிற அந்த முதல் நாட்களில் நோய் வீங்கலாம். அதைத் தடுக்கத்தான் பைகாலுடமைடு மாத்திரை. ஊசிக்குச் சில நாள் முன்பே ஆரம்பித்து, பிறகும் சில வாரம் கொடுப்பார்கள்.

முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு இந்த வீக்கம் தண்டுவடத்தை அழுத்திவிடக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் உயர்வே இல்லாமல் இறக்கும் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். டெகாரெலிக்ஸ் அந்த வகை ஊசி, முதல் தடவை வயிற்றில் இரண்டு இடத்தில் போடுவார்கள். ரெலுகோலிக்ஸ் தினசரி மாத்திரை.

புதிதாக முதுகு கடுமையாக வலித்தால், கால் துவண்டால், காலோ உட்காரும் இடமோ மரத்துப் போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நம் ஊர்களிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். செயலிழந்த கால்களை மீட்பது மணிக்கணக்கைப் பொறுத்தது. இந்த நாலு அடையாளத்தையும் ஒரு சீட்டில் எழுதிச் சாமி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று.

எங்கே போடுவார்கள்? எத்தனை நாளுக்கு ஒன்று?

மருந்தைப் பொறுத்து வயிற்றுத் தோலுக்கடியில், அல்லது இடுப்புப் பக்கத் தசையில். மாதம் ஒன்று, மூன்று மாதம் ஒன்று, ஆறு மாதம் ஒன்று என்று இருக்கிறது. கோசரெலின் 3.6 மி.கி. 28 நாளுக்கு ஒரு தடவை, 10.8 மி.கி. 12 வாரத்துக்கு ஒரு தடவை. தேதி தள்ளினால் ஹார்மோன் மறுபடி ஏறலாம், அதனால் கல்யாணம் கார்த்திகை என்று தள்ளாதீர்கள். நாள்காட்டியில் முகூர்த்த நாள் குறிக்கும்போதே ஊசி நாளையும் குறித்துவிடுவது என் பழக்கம்.

ஊசியை வெளியில் வாங்கி எடுத்துப் போவதாக இருந்தால் எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்று கடையிலேயே கேளுங்கள், பெட்டியிலும் போட்டிருக்கும். சில மருந்தை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் பஸ் ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு போகிற சாமான் இல்லை அது.

ஊசி வேண்டாம், விரையை எடுத்துவிடும் ஆபரேஷனே போதும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

அதிகம் பேர் குரலைத் தாழ்த்திக் கேட்பது இதைத்தான். நேராகச் சொல்கிறேன். ஊசி செய்யும் வேலையும் ஆபரேஷன் செய்யும் வேலையும் ஒன்றே. ஊசி போட்டுக்கொண்டால் ஆண்மை இருக்கும், ஆபரேஷன் செய்தால் போய்விடும் என்று நினைப்பது சரியில்லை. இரண்டிலும் ஹார்மோன் அதே அளவுக்குத்தான் இறங்குகிறது. ஊசியை நிறுத்தினால் திரும்பி வர வாய்ப்பு உண்டு, ஆபரேஷனில் இல்லை. வித்தியாசம் அவ்வளவே.

ஆபரேஷன் சின்னது. இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தே செய்துவிடலாம். சில மணி நேரத்திலேயே ஹார்மோன் விழுந்துவிடும், முன்னால் சொன்ன வீக்கப் பயம் கிடையாது. ஒரு தடவைச் செலவோடு முடியும். பையை அப்படியே விட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. வெளியே பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆயுளுக்கும் சிகிச்சை என்று உறுதியானவர், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊசிச் செலவுக்குத் திண்டாடுகிறவர், கூட்டிப் போக ஆளில்லாமல் தனியாக இருப்பவர், இவர்கள் வெட்கப்படாமல் யோசிக்க வேண்டிய நல்ல வழி இது என்பது என் எண்ணம். ரேடியேஷனோடு கொஞ்ச காலத்துக்கு மட்டும் ஹார்மோன் தேவைப்படுகிறவர் இதைச் செய்துகொள்ளக் கூடாது. நான் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் தெருவில் ஒருவர் ஆபரேஷன் செய்துகொண்டார். தினமும் சாயங்காலம் இருவரும் ஊரணியைச் சுற்றி ஒன்றாகத்தான் நடக்கிறோம்.

உடம்பு திடீர் திடீரென்று அனலாகக் கொதிக்கிறதே?

பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் வயதில் வருவதும் இதுவும் ஒன்றுதான். மார்பிலிருந்து முகத்துக்கு அனல் ஏறும், சட்டை நனைய வேர்க்கும், சில நிமிஷத்தில் குளிரும். எனக்கு முதல் ஊசி போட்ட இடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு ராத்திரி மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டு வளவில் தூணைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மனைவிதான் முகத்தைப் பார்த்ததும், "எனக்கு அம்பது வயசுல வந்துச்சே, அதேதான்" என்றாள். அவளுக்கு எல்லாவற்றையும் நான் சொன்னது அந்த ராத்திரியில்தான்.

காபியையும் காரத்தையும் குறைத்தால் சிலருக்குக் குறைகிறது. பருத்தித் துணி கட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் பாயை விரித்துப் படுத்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, வெயில் காலத்தில் அதுதான் என் இடம். தாங்க முடியாமல் போனால் அதற்கு மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். மார்பு வலியோடு வேர்த்தால் மட்டும் இது அதுதான் என்று இருந்துவிடாதீர்கள்.

தாம்பத்தியம்?

ஒற்றைச் சொல்லாகத்தான் எல்லோரும் கேட்பார்கள். பதில் நீளமானது.

ஆசை குறையும். பெரும்பாலானவர்களுக்கு அநேகமாக இல்லாமலே போகும். விறைப்பு வராது. விரைகளும் உறுப்பும் சுருங்கும். சில்டனாஃபில் போன்ற மாத்திரை விறைப்புக்குச் சிலருக்கு உதவும், ஆசையைக் கொண்டுவராது. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர், நாக்குக்கடியில் வைப்பது உட்பட, அதைத் தொடவே கூடாது. குறிப்பிட்ட காலம் மட்டும் ஊசி போட்டவர்களுக்கு நிறுத்திய பின் சில மாதத்திலோ ஒரு வருஷத்துக்கு மேலோ ஹார்மோன் திரும்பும். வயதானவர்களுக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

இதை ஊசி போட்ட பிறகு வீட்டில் சொல்வதை விட முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்தால் அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். நான் மூன்று மாதம் முகப்பில் தனியாகப் படுத்தேன். என்மேல் என்ன கோபம் என்று என் மனைவி தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு நான் அந்தத் துன்பத்தைக் கொடுத்திருக்கக் கூடாது. முடிந்தால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது இருவருமாகப் போங்கள். அவர் இதைப் பற்றிப் பேசாவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஆசை போனாலும் பக்கத்தில் உட்காருவதும் கையைப் பிடித்துக்கொள்வதும் போகவில்லை. அதை விட்டுவிட்டவர்கள்தான் ரொம்பச் சிரமப்படுகிறார்கள்.

இதோடு சேர்ந்தது மனசு. சின்ன விஷயத்துக்குக் கண் கலங்கும். என் அண்ணனுடைய எழுபதாம் வயதுப் பீமரத சாந்தியில் தாரை தாரையாக அழுதேன். அதற்கு முன் எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, இறந்தபோது அழுததுதான். மருந்தால் வருவது இது, கோழைத்தனம் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், இருந்து என்ன என்று தோன்ற ஆரம்பித்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

சுகர் இருக்கிறது, ஸ்டென்டும் வைத்திருக்கிறது. ஊசி ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளும், ஆனால் கண்காணிப்பு கூட வேண்டும். இந்தச் சிகிச்சையில் தசை குறைந்து வயிற்றுப் பக்கம் கொழுப்பு சேரும். சுகரும் கொலஸ்டிராலும் ஏறும். இதயத்துக்கும் சுமை. ஆரம்பிக்கும் முன்பே மூன்று மாதச் சராசரிச் சுகர், கொலஸ்டிரால், பிரஷர் எல்லாம் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்த விவரத்தை முதலிலேயே சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அது முக்கியம்.

சாப்பாட்டில் நம் பக்கத்து ஆபத்து விசேஷ வீடுகள்தான். கவுணி அரிசி, கந்தரப்பம், உக்காரை என்று இலையில் வந்துகொண்டே இருக்கும். கவுணி அரிசி உடம்புக்கு நல்லதாயிற்றே என்பார்கள். நாம் செய்கிற கவுணியில் அரிசிக்குச் சரியாகச் சர்க்கரை இருக்கிறது. ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

எலும்பு தேயும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. டெஸ்டோஸ்டிரான் இல்லாமல் எலும்பின் அடர்த்தி முதல் வருஷத்திலேயே குறைய ஆரம்பிக்கிறது. டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரியும், வலிக்காது. கால்சியம் உணவும் மாத்திரையுமாக நாளுக்கு 1000 முதல் 1200 மி.கி. வேண்டும், கூடவே வைட்டமின் டி. கேழ்வரகும் மோரும் தினமும் சேருங்கள். எலும்பை உறுதியாக்க ஜோலெட்ரானிக் அமில ஊசி போடச் சொன்னால் முதலில் பல் டாக்டரிடம் போய் எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட்டு வாருங்கள். அந்த ஊசிக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போய்விடும்.

உடற்பயிற்சியில் நடை மட்டும் போதாது, தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். சோர்வுக்கு ஓய்வுதான் மருந்து என்று நானும் நினைத்திருந்தேன். படுத்துக்கிடந்தால் சோர்வு கூடுகிறது, அசைந்தால்தான் குறைகிறது.

விழாமல் இருக்க வேண்டும், அதுதான் பெரிது. நம் பழைய வீடுகளில் கட்டுக்குக் கட்டு உயரமான நிலைப்படி, கண்ணாடி போல வழவழத்த தரை, மழை பெய்தால் முற்றத்தைச் சுற்றி ஈரம். வீட்டுக் கடைசியில் கழிப்பறை, அதற்கு இருட்டில் மூன்று கட்டு தாண்ட வேண்டும். புராஸ்டேட்காரன் ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பவன். வழி நெடுக ராத்திரி விளக்கு போட்டேன், நிலைப்படிகளின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை அடித்தேன், கழிப்பறையில் பிடிமானக் கம்பி வைத்தேன். வீட்டின் அழகு கெடுகிறது என்று உறவில் ஒருவர் வருத்தப்பட்டார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தைப்பூசத்துக்குப் பழநி நடக்கலாமா?

முதுகெலும்பிலோ தொடை எலும்பிலோ நோய் இருக்கிறவர் டாக்டர் சம்மதம் இல்லாமல் நடக்கக் கூடாது. மற்றவர்கள் ஊசி போட்டு ஆறு மாதம் ஆகட்டும், தினசரி நடையைக் கூட்டிப் பாருங்கள், பிறகு கேளுங்கள். சுகரும் இருந்தால் வெறுங்காலில் கொப்புளம் பெரிய ஆபத்து. இருபத்தாறு வருஷம் நடந்தவன் நான். இப்போது குன்றக்குடியில் காவடிகளை வழியனுப்பிவிட்டு, பழநிக்குக் காரில் போய்க் காத்திருந்து சேர்ந்துகொள்கிறேன். முதல் வருஷம் மனசு ஆறவில்லை.

ஊசியோடு அபிராட்டரோன் மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். எப்படிச் சாப்பிடுவது?

அட்ரினலிலிருந்தும் புற்றுநோய்க்குள்ளிருந்தும் வருகிற மிச்ச ஹார்மோனை அடைக்கிற மாத்திரை அது. பரவிய நோயில் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வழக்கமான அளவு 1000 மி.கி., அதாவது 250 மி.கி. மாத்திரை என்றால் நாலு. வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழிய வேண்டும், மாத்திரைக்குப் பின் 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும். சாப்பாட்டோடு போட்டால் மருந்து பல மடங்கு ரத்தத்தில் ஏறிவிடும். நான் விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு ஆறரைக்குக் காபி குடிக்கிறேன்.

கூடக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. அது சுகரை ஏற்றும். பிரஷர் ஏறுவது, பொட்டாசியம் குறைவது, கால் வீங்குவது, ஈரல் பாதிப்பு என்பவை அபிராட்டரோனில் வரக்கூடியவை. அதனால் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். சிலருக்கு அபிராட்டரோனுக்குப் பதிலாக என்சாலுடமைடு என்ற மருந்து கொடுப்பார்கள். வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் அதை எழுதும் முன் சொல்லிவிடுங்கள்.

பி.எஸ்.ஏ. 0.1-க்கு வந்துவிட்டது. இனி நிறுத்திவிடலாமே?

கூடாது. மருந்து வேலை செய்வதால்தான் அது இறங்கியிருக்கிறது. சிலருக்கு இடைவெளி விட்டுக் கொடுக்கும் முறை உண்டு, அதை டாக்டர் சொல்ல வேண்டும். பி.எஸ்.ஏ. மறுபடி ஏறினாலும் கையை விரித்துவிட மாட்டார்கள். டெஸ்டோஸ்டிரான் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மருந்துக்குப் போவார்கள்.

செலவு?

கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி விலை பெரிதாக மாறுகிறது. அபிராட்டரோனே இப்போது பல இந்தியக் கம்பெனிகள் செய்கின்றன, நாலு இடத்தில் விசாரியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வி.ஏ.ஓ. வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதியலாம். உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மதுரை பாலரெங்கபுரத்தில் அரசு புற்றுநோய் மையம் இருக்கிறது. வீடு பெரிதாக இருக்கிறவர்களுக்குக் கையில் பணமும் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நம் ஊரில் பாதி வீட்டின் நிலைமை நமக்குத் தெரியும். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

நாட்டு மருந்து சேர்த்துக்கொள்ளலாமா?

டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். அபிராட்டரோன் சாப்பிடுகிறவருக்கு ஈரலைக் காப்பாற்றுவதே பெரிய காரியம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா? வெளிநாட்டில் இருக்கிறார்கள், வருத்தப்படுவார்கள்.

சொல்லுங்கள். வருத்தத்தை விட முக்கியமான காரணம் இருக்கிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் ஒரு ஆணுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. மகன்கள் நாற்பது, நாற்பத்தைந்து வயதிலேயே பி.எஸ்.ஏ. பார்ப்பது பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். நோய் பரவியவர்கள், பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் பரம்பரைக் குறை இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். அந்தக் குறை மகளுக்கும் இறங்கலாம், மகளுக்கு அது மார்பகப் புற்றுநோயாகவும் கருப்பைப் பக்கத்துச் சூலகப் புற்றுநோயாகவும் வரலாம். பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று ஒதுக்காதீர்கள்.

என் மூத்தவன் சிங்கப்பூரில் இருக்கிறான். போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "ஏன் அப்பச்சி மூணு மாசம் சொல்லல?" என்று மட்டும் கேட்டான். அடுத்த வாரமே போய் ரத்தம் கொடுத்தான். அவனுடைய அளவு சரியாக இருந்தது. என்னுடைய மரபணு முடிவு வந்த அன்று மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் உறையைப் பிரித்தேன்.